'எனக்கும் அதே!' கட்சிக்காரர்களே...

தை மாசம் முதல் தேதி அவனியாபுரத்துக்கு வந்து பாருங்கள். வாடிவாசல் திறந்ததும் சீறிக்கொண்டு வருகிற காளையின் திமிலைப் பிடித்துத் தொங்க நம்ம பையன்கள் போட்டி போட்டு நிற்பார்கள். பயமா? அது கிலோ என்ன விலை?

அதே பையனை ஏ.சி. போட்ட ஒரு காபி ஷாப்புக்குள் அனுப்பிப் பாருங்கள். கவுன்ட்டரில் நிற்கிற பெண், "ஹாய் சார், வாட் வுட் யூ லைக் டு ஹேவ்?" என்று ஒரே மூச்சில் கேட்டதும், கால் கட்டைவிரல் தரையில் கோலம் போட ஆரம்பித்துவிடும். அண்ணாந்து பலகையைப் பார்ப்பான். அது காளையைவிட முரட்டுத்தனமாக முறைக்கும். கடைசியில் பக்கத்தில் நிற்கிற நண்பனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்வான்: "எனக்கும் அதே!"

எலெக்‌ஷன் கமிஷனில் பதிவு செய்யாத பெரிய கட்சி இந்த 'அதே' கட்சி. ஆபீஸில் வேலை பார்க்கிற இளைஞர்களில் இதற்கு உறுப்பினர்கள் ஏராளம். நண்பன் ஐஸ் காபி சொன்னால் இவருக்கும் ஐஸ் காபி. அன்றைக்கு ஜலதோஷமாக இருந்தாலும் சரி!

சிரிப்பாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். இப்போதெல்லாம் காபி ஷாப் என்பது காபி குடிக்கிற இடம் மட்டும் இல்லை. "ஒரு காபி குடிச்சுக்கிட்டே பேசுவோமே" என்று இன்டர்வியூவை அங்கே வைக்கிற கம்பெனிகள் உண்டு. பாலிசி எடுக்கப் போகிறவர் ஏஜென்ட்டை அங்கேதான் வரச் சொல்கிறார். பஜ்ஜி-சொஜ்ஜிக்கு முன்னாடி பெண்ணும் பையனும் தனியாகப் பேசுவதும் அங்கேதான். வாயைத் திறக்கப் பயந்து "நான் காபி குடிக்கிறதில்லைங்க" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் முதல் வேலையாக டீக்கடையில் "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு!" என்று குரல் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழப்பது ஒரு காபியை அல்ல. சில சமயம் வேலையை; சில சமயம் பெண்ணையே!

நீங்கள் பேசுவதே இங்கிலீஷ்தான்!

டீக்கடையில் நீங்கள் சொல்கிற ஆர்டரை ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு ஃபில்டர், வித்தவுட். இன்னொண்ணு லைட்டா, பார்சல்!" இதில் தமிழ் வார்த்தை 'ஒரு'வும் 'இன்னொண்ணு'ம்தான். மீதி அத்தனையும் இங்கிலீஷ்! சர்க்கரை வேண்டாம் என்பதற்கு 'வித்தவுட்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லும் சாமர்த்தியம் இங்கிலாந்துக்காரனுக்கே கிடையாது.

காபி என்ற வார்த்தையே ஊர் ஊராகச் சுற்றி வந்ததுதான். அரபியில் 'கஹ்வா'. துருக்கியில் 'கஹ்வே'. ஹாலந்தில் 'கோஃபி'. இங்கிலீஷில் 'காஃபி'. நம்ம ஊரில் 'காப்பி'. விளக்குத்தூண் பக்கம் நின்று கூச்சமே இல்லாமல் 'ஜிகர்தண்டா' கேட்கிறோமே, அது மட்டும் சங்கத் தமிழா? 'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு; 'தண்டா' என்றால் குளிர்ச்சி. இந்துஸ்தானி தெரியாமலேயே இந்துஸ்தானியில் ஆர்டர் கொடுத்த நமக்கு, இங்கிலீஷில் கொடுக்க என்ன தயக்கம்?

பலகையில் இருப்பது இங்கிலீஷே இல்லை!

இன்னொரு ரகசியம். உங்களைப் பயமுறுத்துகிற அந்தப் பலகையில் முக்கால்வாசி இத்தாலி பாஷை. இங்கிலீஷில் எம்.ஏ. படித்தவருக்கும் முதல் நாள் அது புரியாது. அதனால் தாழ்வு மனப்பான்மையை செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

எஸ்பிரஸ்ஸோ: நம்ம டிகாக்‌ஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அழுத்தம் கொடுத்து இறக்குவதால் அந்தப் பெயர். பால் கிடையாது, சுமார் 30 மில்லிதான் வரும். பெரும்பாலும் பலகையில் விலை குறைந்த ஐட்டம் இதுதான். 'எது சீப்' என்று மட்டும் பார்த்து விரலை நீட்டினால், மருந்து மூடியில் கஷாயம் வந்து நிற்கும். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விலையைப் பார்த்தால் போதாது, அளவையும் பாருங்கள்!

காப்புச்சினோ: எஸ்பிரஸ்ஸோவில் சூடான பாலும் மேலே கெட்டி நுரையும். கப்புச்சின் துறவிகளின் பழுப்பு அங்கி நிறம் என்பதால் வந்த பெயர். நுரைக்காக அடித்து ஆற்றிக் குடித்த நமக்கு இது புதுசா?

லாட்டே: பால் அதிகம், நுரை கம்மி. இத்தாலியில் போய் 'லாட்டே' என்று மட்டும் கேட்டால் வெறும் பாலைக் கொண்டுவந்து வைப்பான். அங்கே 'லாட்டே' என்றாலே பால்தான்.

அமெரிக்கானோ: எஸ்பிரஸ்ஸோவில் வெந்நீர் ஊற்றியது. நம்ம பாட்டி பாஷையில், தண்ணிக் காப்பி.

மோக்கா: சாக்லேட் சேர்த்தது. பெயர் ஏமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர். பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் 17-ம் நூற்றாண்டில் அந்த ஏமனிலிருந்துதான் ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதே சிக்மகளூர் எஸ்டேட் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்தாதான் 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் 'கஃபே காபி டே'யைத் திறந்தார்.

கப் சைஸில் ஒரு கூத்து இருக்கிறது. ஸ்டார்பக்ஸில் 'டால்', 'க்ராண்டே', 'வென்டி' என்பார்கள். 'டால்' என்றால் உயரம். ஆனால் மூன்றில் குள்ளன் அவன்தான்! 354 மில்லி. க்ராண்டே 473 மில்லி. 'வென்டி' என்றால் இத்தாலியில் இருபது. 20 அவுன்ஸ் என்பதால் அந்தப் பெயர். உயரம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். தெரியாவிட்டால் 'ஸ்மால்' என்று சொல்லுங்கள். யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள்.

'ங்க' எங்கே போச்சு?

பலகை முடிந்தது. இனி பேச்சு. தமிழில் 'குடு' என்றால் ஒரு மாதிரி. 'குடுங்க' என்றால் மரியாதை. ஒரே ஒரு 'ங்க'வில் வேலை முடிந்துவிடும். இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. "கிவ் மீ ஒன் காஃபி" என்று நீங்கள் பணிவாகத்தான் சொல்வீர்கள். எதிராளி காதில் அது "ஏய், ஒரு காபி குடு!" என்று விழும். அவர் முகம் சுருங்கும். நீங்கள் கிராமர் தப்பு என்று நினைத்துக் கூசிப் போவீர்கள். தப்பு கிராமரில் இல்லை. 'ங்க' விட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

இங்கிலீஷ்காரன் அந்த 'ங்க'வைப் பிரித்து முன்னால் பாதி, பின்னால் பாதி வைத்திருக்கிறான். முன்னால் 'கேன் ஐ ஹேவ்', பின்னால் 'ப்ளீஸ்'. நடுவில் எதை வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். "கேன் ஐ ஹேவ் எ காப்புச்சினோ, ப்ளீஸ்?" காபி என்ன, தண்ணீர், டிஷ்யூ பேப்பர், பில் எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான்.

இன்னும் ஐந்தே ஐந்து!

ஒன்று: "ஃபார் ஹியர், ஆர் டு கோ?" என்று கேட்பார்கள். இங்கேயே உட்கார்ந்து குடிப்பதென்றால் "ஃபார் ஹியர்". எடுத்துப் போவதென்றால் "டேக் அவே". 'பார்சல்' என்றால் மதுரையில் புரியும். லண்டனில் போஸ்ட் ஆபீஸுக்கு வழி காட்டுவான்.

இரண்டு: "வாட் இஸ் இன் இட்?" (இதில் என்னென்ன இருக்கு?) என்னைக் கேட்டால், லட்ச ரூபாய் பெறுகிற வாக்கியம் இதுதான். பெயர் தெரியாத எதையும் இதை வைத்துச் சமாளிக்கலாம். கேட்பது அசிங்கம் இல்லை. காசு கொடுக்கிறவரின் உரிமை.

மூன்று: "எக்ஸ்ட்ரா ஹாட், ப்ளீஸ்." இந்தக் கடைகளில் பாலை 60, 65 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் சூடாக்க மாட்டார்கள். உதடு சுட்டால்தான் காபி என்று வளர்ந்த நமக்கு அது ஆறிப்போன காபி. முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் பொதுவாகத் தனிப் பொட்டலமாகத்தான் வரும். போட்டுக் கலக்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நான்கு: "ஸாரி, குட் யூ ஸே தட் அகைன்?" (இன்னொரு தடவை சொல்றீங்களா?)

ஐந்து: "தட்ஸ் ஆல், தேங்க் யூ." இதைச் சொல்லாவிட்டால் கேக், குக்கீ, பெரிய சைஸ் என்று உங்கள் பர்ஸ் காலியாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மீனம்பட்டிப் பெண் நியூயார்க்கில்...

இந்த ஐந்தில் நான்காவதுதான் தைரியத்துக்கு டானிக். ஏன் என்று தெரிய 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தை நினைத்துப் பாருங்கள். 2012 அக்டோபரில் வந்தது. சிவகாசி பக்கம் மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி கதாநாயகி. தமிழில் அஜித் கௌரவ வேடம். நியூயார்க் காபி ஷாப்பில் தனியாகப் போய் நிற்கிறார் ஸ்ரீதேவி. கவுன்ட்டர் பெண் கேள்வி மேல் கேள்வியாக விரட்டுகிறாள். பின்னால் க்யூ. பதறிப் போய் வெளியே ஓடி வந்து அழுகிறார். தியேட்டரில் அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்றால், நம் எல்லோருக்கும் அந்தக் க்யூ தெரியும் என்றுதான் அர்த்தம். அந்தப் படம் வந்த இரண்டே வாரத்தில், அக்டோபர் 19-ம் தேதி, மும்பையில் ஸ்டார்பக்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது என்பது காலத்தின் குறும்பு!

அந்தக் காட்சியில் ஸ்ரீதேவியைத் தோற்கடித்தது இங்கிலீஷ் இல்லை, வேகம். எதிராளியின் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற பதற்றம்தான் நாக்கைக் கட்டிப்போடுகிறது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றால் வேகம் குறையும். மூச்சு வாங்க இரண்டு நிமிஷம் கிடைக்கும். பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டினால் கொட்டட்டும். ரேஷன் கடைக் க்யூவில் நாம் எத்தனை பேரின் உச்சைக் கேட்டிருக்கிறோம்!

இன்னொன்று. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையன் உசிலம்பட்டிக்காரனாகவும் இருக்கலாம். அவனும் அந்த வாக்கியங்களை ட்ரெயினிங்கில்தான் நெட்டுரு போட்டிருப்பான். தமிழ் முகமாகத் தெரிந்தால் "தம்பி, ஒரு காப்புச்சினோ, சூடா" என்று தாராளமாகத் தமிழிலேயே கேளுங்கள். அவனுக்கும் மூச்சு வரும்! இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நம்ம மொழி நம்மோடு ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்க வேண்டாம், தெரிந்தே தேர்ந்தெடுக்கும் இடமாக இருக்கட்டும்.

ப்ராக்டிஸ் எங்கே? கண்ணாடி முன்னால் வேண்டாம். கண்ணாடி பதில் சொல்லாது. கூட வேலை பார்க்கிற ஒருவரைக் கடைக்காரராக்குங்கள். ஆபீஸ் டீ டைமில் தினம் ஒரு தடவை, ஒரு வாரம். நாக்கு பழகிவிடும். அப்புறம் கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்து நிஜக் கடைக்குப் போங்கள்.

கட்டாயம் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் இந்தத் தடவை கவுன்ட்டரில் நீங்கள் முன்னால் நில்லுங்கள். உங்களுக்குப் பிடித்ததை நீங்களே கேளுங்கள். 'எனக்கும் அதே' என்பதை அவர் சொல்லட்டும்!