ஆற்றங்கரை எவ்வளவு உறுதி? கணிப்பது எப்படி?

அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கிறது மாஜுலி தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 1,250 சதுர கிலோமீட்டர். இன்று பாதிகூட மிஞ்சவில்லை. வயல்களும் வீடுகளும் வைணவ மடங்களும் ஆற்றோடு போயின. வெள்ளம் மூழ்கடித்த நிலம் நீர் வடிந்ததும் வெளியே வரும். அரிப்பு தின்ற நிலம் உழுதவன் கைக்குத் திரும்புவதில்லை. எந்தக் கரை இடியும் என்பதை முன்பே கணிக்க வேண்டியது அதனால்தான்.

ஆறு எங்கே ஓடியது?

முதல் வேலை, ஆற்றின் பழைய தடத்தைத் தேடுவது. பழைய நில அளவை வரைபடங்களையும், 1972 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கரை ஆண்டுக்கு எத்தனை மீட்டர் பின்வாங்குகிறது என்பது தெரியும். எல்லாப் படங்களும் நீர் குறைந்த ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர்மட்டம் உயர்ந்ததையே அரிப்பு என்று எண்ணிவிடுவோம்.

கரை எதனால் ஆனது?

பிரம்மபுத்திராவின் கரையில் பல இடங்களில் மேலே வண்டல், கீழே பிடிப்பில்லாத மணல். ஓட்டம் அடி மணலை உருவிவிட, மேல்மண் அந்தரத்தில் நின்று பாளம் பாளமாகச் சரிகிறது. வெள்ளம் ஏறும்போதைவிட வடியும்போது ஆபத்து அதிகம். நீர் குடித்துக் கனத்த கரைக்கு அதுவரை முட்டுக்கொடுத்த ஆற்றுநீர் சட்டென்று விலகிவிடுகிறது. ஆகவே மண்ணைச் சோதிப்பதோடு, படகில் சென்று எதிரொலிக் கருவியால் கரையடி ஆழத்தையும் அளக்கிறார்கள். அங்கே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனால் அந்தக் கரை நிலைக்காது.

மணல் வரவு எவ்வளவு?

ஆறு சுமந்து வரும் மணலும் அதைக் கடத்தும் வலுவும் ஈடாக இருந்தால்தான் தடம் நிலையாக இருக்கும். பிரம்மபுத்திராவில் அந்தச் சமநிலையை 1950 ஆகஸ்ட் 15-இல் அசாமை உலுக்கிய 8.6 அளவு நிலநடுக்கம் குலைத்தது. சரிந்த மலைகளின் மண் ஆற்றில் இறங்கியது. அசாமின் திப்ருகர் நகர் அருகே படுகை உயர்ந்தது. ஆழம் குறைந்த ஆறு அகலத்தைத் தேடிக் கரைகளைத் தின்றது. நடுவில் எழும் மணல்திட்டுகளும் ஓட்டத்தைப் பிளந்து கரைப்பக்கம் திருப்புகின்றன.

இடிந்த இடத்தில் மட்டும் மணல்மூட்டைகளையும் கான்கிரீட் தடுப்புகளையும் போட்டால், ஓட்டத்தின் அடி வேறு கரையில் விழக்கூடும். அதனால் மேலும் கீழும் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றை ஆராய்ந்த பிறகே தடுப்பைத் திட்டமிட வேண்டும்.

கரையோரம் வசிப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடினால், வெள்ளம்தான் வடிந்துவிட்டதே என்று தங்கிவிடாதீர்கள்; உடனே விலகுங்கள்.