ஆவாரம்பூவை அதிர வைப்பது யார்?

வல்லம் வடகாலில் சாலையோரம் ஆவாரை பூத்திருந்தால், காலையில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். கருவண்டு பூவில் உட்கார்ந்ததும் அதன் ரீங்காரம் சட்டென்று மாறி, கூர்மையாக மேலேறும். ஏன்?

ஆவாரம்பூ தேன் தருவதில்லை, மகரந்தம்தான் கூலி. அதுவும் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கருவண்டு என்று நாம் அழைத்தாலும் இது தேனீக் குடும்பம். மரத்தைக் குடைந்து கூடமைக்கும் தச்சுத் தேனீ. பூவை இறுகப் பற்றி, சிறகை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். உப்பு டப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் தெறிக்கும். கத்தரிப் பூவிலும் இதே வித்தைதான். நாம் தேனெடுக்கும் தேனீக்கு இது வராது.

கருவண்டின் தூரத்துச் சொந்தம் அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலக் காடுகளின் ஆர்க்கிட் தேனீ. 5 பேரினங்கள், 200க்கும் மேற்பட்ட இனங்கள்; பல மரகதம்போல் மின்னும். பெண் தேனீ கருவண்டைப் போலவே பூவை அதிரவைக்கும். ஆணுக்கோ வாசனைதான் தேடல்: ஆர்க்கிட் பூவின் மணத்தைச் சுரண்டிப் பின்னங்கால் பைகளில் சேர்த்து, இணை தேடும்போது பரப்பும்.

நம் கருவண்டு கூடமைக்கக் கேட்பது காய்ந்த மூங்கிலோ பட்ட மரமோதான். மனைக்காக நிலத்தைச் சீராக்கும்போது முதலில் அகற்றப்படுவதும் அதுவே.