மேஜைச் சாணையில் கூரும் மெருகும்
(பண்ணை வானொலி உரை)



'பெஞ்ச் கிரைண்டர்' என்கிற மேஜைச் சாணை வீட்டில் இருந்தால் மண்வெட்டியைத் தீட்டலாம். ஒரு பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டுத் துணிச் சக்கரம் மாட்டினால் பித்தளைக் குத்துவிளக்குக்கும் மரப்பிடிக்கும் மெருகு போடலாம். ஆனால் எதை எந்தச் சக்கரத்தில் வைப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் கருவியும் பிழைக்கும், கண்ணும் பிழைக்கும்.

முதலில் கூர். மாமல்லபுரம் பக்கம் சிற்பிகளைப் பார்த்திருப்பீர்கள். உளி மழுங்கினால் உலையில் காய்ச்சி, நுனியை அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்ப்பது அந்தத் தொழிலின் முறை. அந்தத் தோய்ச்சலில்தான் இரும்புக்குப் பதம் ஏறுகிறது. சாணையில் வைத்து அழுத்தினால் சூடேறி, அந்தப் பதம் இறங்கிவிடும். நுனியில் நீலம் பாய்ஞ்சா பதம் போச்சு என்று அர்த்தம். அதனால் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் லேசாகத் தொட்டு, இப்படியும் அப்படியும் நகர்த்தி, கை பொறுக்காத சூடு வருமுன்பே நனைத்துவிடுங்கள்.

கருக்கரிவாளை மட்டும் கல்லில் வைக்காதீங்க. பல் தேய்ந்துவிடும். அதற்குக் கொல்லரிடம் கருக்கு வெட்டுவதுதான் சரி.

பித்தளை, அலுமினியம், மரம் இவற்றையும் கல்லில் வைக்கக் கூடாது. துகள் அடைத்துக்கொண்டு, கல் வெட்டாமல் சூடேறும், வெடிக்கவும் கூடும்.

இவற்றுக்குத்தான் துணிச் சக்கரம். கரண்டு இணைப்பை எடுத்த பிறகே சக்கரத்தை மாற்றுங்கள். இடது பக்கத்து நட்டு எதிர்மரை. பித்தளைக்குச் சக்கரத்தில் பாலிஷ் சோப்பை லேசாகக் காட்டி, சாமானைச் சக்கரத்தின் நடுவுக்குக் கீழே பிடியுங்கள். விளிம்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேலே பிடித்தால் சக்கரம் கவ்விப் பிடுங்கி எறிந்துவிடும். சங்கிலி, கம்பி வைக்கவே கூடாது.

உளிப்பிடி, கத்திப்பிடிகளை இரும்பில் மாட்டுவதற்கு முன்பே மெருகு போடுங்கள். உப்புத்தாளால் கையால் தேய்த்து, தேன்மெழுகு பூசி, வேறொரு துணிச் சக்கரத்தில் மெதுவாகக் காட்ட வேண்டும். பித்தளை தேய்த்த சக்கரமென்றால் கறுப்பு மரத்தில் ஏறிவிடும். அழுத்தினால் மரம் கருகும். மரத்தூளைப் பெருக்கிய பிறகே மறுபடி இரும்பைத் தீட்டுங்கள். வைக்கோல் போர் பக்கமும் வேண்டாம்; பொறி பறக்கும்.

நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றும் 6 அங்குலக் கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, கையுறை எதுவும் ஆகாது. புதுக் கல்லை மாட்டும் முன் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல், பொத்தென்றால் விரிசல். கல்லில் எழுதியிருக்கும் வேகம் மோட்டார் வேகத்துக்குக் குறையக் கூடாது. கருவியை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஓடவிட்டதும் ஒரு நிமிஷம் பக்கவாட்டில் நின்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று தீட்டிய இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். அன்றைக்கே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

கூர் போனால் மறுபடியும் தீட்டிக்கலாம். கண் போனால் வராது.