எடை குறைப்பு ஆபரேஷன்: உடம்பு இளைத்த பிறகும் சத்து மாத்திரை ஏன் தொடரணும்?

ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம் ஆச்சு. எடை குறைஞ்சாச்சு. சுகர், பிரஷர் மாத்திரைகளும் குறைஞ்சிருச்சு. "அதான் நல்லா இருக்கேனே, வைட்டமின் மாத்திரை எதுக்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கால் மரத்துப்போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அப்போது மதுரை கோச்சடையில் இருப்பவர், ஆபரேஷன் செய்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட, தெருமுனை கிளினிக்குக்குத்தான் முதலில் போவார். அங்கே பழைய ஆபரேஷனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், காரணமே பிடிபடாமல் போகலாம்.

வயிற்றில் என்ன மாறுகிறது?

பரவலாகச் செய்யப்படுவது இரண்டு வகை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் சுமார் 80% வெட்டி எடுக்கப்படும். 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை மட்டுமே உணவுக்கு விடப்படும். உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் கீழே போய்விடும்.

இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் தேவை. அதனால் நன்றாகச் சாப்பிட்டாலும் சத்து முழுசாகச் சேராது. இந்த மாற்றம் நிரந்தரம் என்பதால் மாத்திரையும் ஆயுள் முழுக்கத் தேவை.

பாதிப்பு ஏன் லேட்டாகத் தெரிகிறது?

கல்லீரலில் பி12 சில வருஷங்களுக்கான அளவு சேமிப்பில் இருக்கும். அது கரையும் வரை எதுவும் தெரியாது. தீர்ந்த பிறகு ரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், மறதி வரும். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். ரொம்ப லேட்டானால் நரம்பு முழுசாகச் சரியாகாமலும் போகலாம்.

பி1 நேர் எதிர். அதன் இருப்பு இரண்டு, மூன்று வாரம்தான் தாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி நிற்காமல், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ அது எமர்ஜென்சி. இந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ட்ரிப் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகலாம்.

பெண்களுக்குக் கூடுதல் கவனம் ஏன்?

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40.4% பெண்களுக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். அதாவது, உடம்பு பருமனாக இருப்பதால் சத்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே குறைபாடு இருந்தால், பின்னால் அது இன்னும் கூடும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

எவ்வளவு தேவை?

அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்படி தினசரி அளவு:

• பி12: 350 முதல் 1,000 மைக்ரோகிராம்
• இரும்புச்சத்து: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மில்லிகிராம்
• கால்சியம்: 1,200 முதல் 1,500 மில்லிகிராம் (உணவில் கிடைப்பதும் சேர்த்து)
• வைட்டமின் டி: 3,000 யூனிட்

கடையில் கேட்டு வாங்கும் சாதாரண மல்டிவைட்டமினில் பெரும்பாலும் இந்த அளவு இருக்காது. அதற்காக நாமே டோஸ் கூட்டவும் கூடாது. வைட்டமின் ஏ, டி அளவு மீறினால் ஆபத்து. ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் அளவைச் சொல்லணும்.

மறக்கக் கூடாதவை

• இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும்.
• இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடக் கூடாது.
• முதல் வருஷம் 3, 6, 12-வது மாதங்களில் ரத்தப் பரிசோதனை. பிறகு வருஷத்துக்கு ஒருமுறை.
• டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளவும்.

எந்த கிளினிக்குக்குப் போனாலும், காய்ச்சல் என்றாலும், முதலில் சொல்ல வேண்டியது: "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, டாக்டர்."