அதே ஜூன் 29! இங்கிலாந்து - ஜெர்மனி மோதலை மாற்றிய ஜூனியர்கள்

இங்கிலாந்து - ஜெர்மனி கால்பந்துப் போட்டி என்றாலே, 1966 உலகக் கோப்பை இறுதிப்போட்டியிலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள் ரசிகர்கள். ஆனால், இந்த நூற்றாண்டில் அந்த மோதலின் போக்கை மாற்றியவர்கள் ஜூனியர்கள்!

2000 யூரோ கோப்பையில் இங்கிலாந்திடமும் தோற்று, ஒரு வெற்றிகூட இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது ஜெர்மனி. அவமானம் தாங்காமல் சிறுவர்கள் பக்கம் திரும்பினார்கள். பெரிய கிளப்கள் ஜூனியர் அகாடமி நடத்தியே தீர வேண்டும் என்று விதி வந்தது. நாடு முழுக்கப் பயிற்சி மையங்கள் முளைத்தன.

பலன்? 2009, ஜூன் 29. 21 வயதுக்குட்பட்டோர் யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தை 4-0 எனப் பந்தாடியது ஜெர்மனி. அந்த அணியின் நோயர், ஓசில், கெதிரா, போவாட்டெங் நால்வரும் அடுத்த ஆண்டே சீனியர் உலகக் கோப்பையிலும் களமிறங்கி, இங்கிலாந்தை 4-1 என வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014-ல் கோப்பையையே தூக்கினார்கள்.

இங்கிலாந்தும் விழித்துக்கொண்டது. 2012-ல் அகாடமி முறையையே மாற்றியமைத்தார்கள். 2017-ல் நம் கொல்கத்தாவில் ஸ்பெயினை 5-2 என வென்று, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைத் தட்டிச் சென்றது இங்கிலாந்து. தொடர் நாயகன் ஃபில் ஃபோடன் சீக்கிரமே சீனியர் அணிக்கு வந்தார்.

2021 யூரோ. அகாடமியில் வளர்ந்த 19 வயது சாகாவும் ஆட, வெம்ப்ளியில் ஜெர்மனியை 2-0 என வீழ்த்தியது இங்கிலாந்து. தேதி, அதே ஜூன் 29. ஜெர்மனியின் கோல்கீப்பர், அதே நோயர்!

2023-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஜெர்மனி வசம். அந்தப் பையன்களும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்!