பாதம் பழக நாளாகும்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலி. நாலடி நடந்தால் கொஞ்சம் தணியும். வெகுநேரம் நின்றால் திரும்ப வரும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு, எலும்போடு சேரும் இடத்தில் நொந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போய்ச் சரிவான விளையில் மரத்துக்கு மரம் நடப்பவருக்கும், கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் இது எளிதில் வரக்கூடியது. இதற்காகப் பாதத்தை அளவெடுத்து, செருப்புக்குள் வைக்கும் இன்சோல் செய்து வாங்கிவிட்டு, கெண்டைக்கால் வலிக்கிறதென்று இரண்டே நாளில் கழற்றி வைப்பவர்கள் உண்டு. இன்சோல் பலிக்கவில்லை என்று முடிவு கட்டுமுன், அதைப் பழகிய விதம் சரிதானா என்று பார்த்தாக வேண்டும்.

இன்சோல் உள்வளைவைத் தாங்கி, குதிகாலில் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுகிறது. பாரம் இடம் மாறும்போது, வருஷக்கணக்காக ஒரே விதமாக உழைத்த கணுக்காலும் கெண்டைத் தசையும் முட்டும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டிப் போடச் சொல்கிறார்கள்; முழுதாகப் பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதுவரை தசை லேசாக அசந்துபோவது இயல்பு. ஒரே இடத்தில் அழுத்தி வலித்தாலோ கொப்புளம் வந்தாலோ பொறுத்துக்கொள்ளக் கூடாது. செய்தவரிடம் கொண்டுபோய்த் திருத்த வேண்டும். செருப்பும் முக்கியம். விரலிடுக்கில் வார் போட்ட ஹவாய் செருப்பில் இன்சோல் நிற்காது. குதிகாலைச் சுற்றி வார் உள்ள, உட்புறம் ஆழமான செருப்பு வேண்டும். அதையும் வாசலில் கழற்றிவிட்டு, அடுக்களைக்கும் முற்றத்துக்கும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்தால் பலன் எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் போடத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

கடையில் கிடைக்கும் இன்சோலே போதாதா, எதற்கு இத்தனை செலவு என்பது நியாயமான கேள்வி. 2006-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அளவெடுத்துச் செய்ததும் ஆயத்தமாக வாங்கியதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த போலி இன்சோலைப் போட்டவர்களோடும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே சாதாரணக் குதிகால் வலிக்கு முதலில் விலை குறைந்ததை வாங்கி, கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சியோடு சில வாரம் பார்ப்பதே புத்தி. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும், பாதத்தின் அமைப்பே மாறியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், இதேபோல் பாதம் மரத்துப்போன தொழுநோயாளிகளின் பாதப் புண் சதை தானாக அழுகுவதால் வருவதில்லை, உணர்வற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருகிறது என்று கண்டார்கள். அந்த அழுத்தத்தைப் பரப்பத்தான் மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு புழக்கத்துக்கு வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளும் அதைப் போடுகிறார்கள். மரத்துப்போன கால் வலித்து எச்சரிக்காது என்பதால், புதுச் செருப்பை அரைமணி நேரம் போட்டுக் கழற்றி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சிவந்த இடம் இருபது நிமிஷத்தில் மறையாவிட்டால், அன்றே நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் காட்ட வேண்டும்.