சித்திரைக்குத் தெற்கே

தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஆசையோடு வாங்கிய அநேகர் சில மாதங்களுக்குள் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுவதற்குக் காரணம் கருவியின் குற்றமன்று. சந்திரனையும் வியாழனையும் பார்த்து முடித்தபின், மற்றவற்றை ஆகாயத்தில் தேடிப் பிடிக்கும் உபாயம் தெரியாமையே. உருப்பெருக்கம் கூடக் கூட, கண்ணுக்கு அகப்படும் ஆகாயம் குறுகுகிறது. குறைந்த பெருக்கத்திலும் பூர்ண சந்திரன் இரண்டை அருகருகே வைத்த அகலமே, அதாவது ஒரு பாகையே, பெரும்பாலும் தெரியும்.

ஆகவே தூரதிருஷ்டியின் முதுகில் ஒரு காட்டியைப் பொருத்துகிறார்கள். ஐந்தாறு பாகை அகலம் காட்டும் சிறு குழல் ஒரு வகை. பெருக்கமே இல்லாமல், சாய்ந்த கண்ணாடித் தகட்டின் வழியே நோக்குபவருக்கு நக்ஷத்திரங்களின் மீது சிவந்த வளையங்களைத் தோற்றுவிப்பது மற்றொன்று. அமெரிக்கரான ஸ்டீவ் குஃபெல்டு அமைத்த டெல்ராடில் அவ்வளையங்களின் விட்டம் அரை, இரண்டு, நான்கு பாகைகள். நக்ஷத்திரப் படத்தின் அளவுகோலுக்கு இசைய அதே வளையங்களைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் வரைந்து படத்தின்மேல் நகர்த்தினால், காகிதத்தில் எந்த நக்ஷத்திரம் எந்த விளிம்பைத் தொடுகிறதோ, ஆகாயத்திலும் அதுவே தொடவேண்டும் என்ற நிச்சயம் கிடைத்துவிடுகிறது.

தருமபுரி ஜில்லாவில் இதைப் பயிலத் தக்க இலக்கு, ஐரோப்பியரில் பெரும்பாலோர் தம் ஊரிலிருந்து காணவே முடியாத ஒமேகா சென்டாரி. டாலமி நக்ஷத்திரமென்றே குறித்ததும், 1603-இல் பாயர் ஒமேகா என்று எழுத்திட்டதும், 1677-இல் ஹாலி செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து மங்கிய மேகம்போல் கண்டதுமான அது, சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி நக்ஷத்திரங்கள் செறிந்த திரளாகும். பன்னிரண்டு பாகை அட்சரேகையிலுள்ள தருமபுரியில் அது முப்பது பாகை உயரம் எழும்புவதால் சேர்வராயன் மலை மறைப்பதில்லை. சேலத்து விளக்கொளிதான் சற்று உபத்திரவம். தென்வானின் இந்தச் சௌகரியத்தையும் உத்தேசித்தே, வடகிழக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை வானியலறிஞர் வைணு பாப்பு வானாய்வு நிலையத்துக்குத் தேர்ந்தார். அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தூரதிருஷ்டி இயங்குகிறது.

வெளிச்சமிருக்கும்போதே தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய கண்ணாடியின் நடுவில் நிறுத்தி, காட்டியின் வளையத்தையும் அதன்மேல் சேர்த்துக்கொள்க. வைகாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில், எட்டரைக்கும் பத்துக்கும் இடையே சித்திரை நக்ஷத்திரம் நேர்தெற்கை அடையும். அதிலிருந்து நீட்டிய கையின் முஷ்டியால் மூன்றரை முஷ்டி, அதாவது 36 பாகை, செங்குத்தாக இறங்கினால் ஒமேகாவின் பிரதேசம். அங்கே இடப்புறம் பிரகாசிக்கும் ஸீட்டா சென்டாரியைச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சொளியில் படத்தோடு ஒப்பிட்டு அறிந்து, பெரிய வளையத்தின் இடது விளிம்பில் நிறுத்தினால், வலது விளிம்புக்கு முக்கால் பாகை அப்பால் நாம் தேடுவது நிற்கும்.

குழல்வகைக் காட்டி வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. நேர்க்குழலில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் கழுத்து வலிக்காதிருக்கக் கண்ணாடி வைத்து மடக்கிய குழலிலோ இடம் வலம் மட்டும் மாறிவிடுவதால், காகிதத்தை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. புதிதாக வாங்குவோர் நேர்பிம்பம் காட்டும் குழலையோ வளையக் காட்டியையோ கேட்டு வாங்குதல் நலம்.